பதினாலாவது பாஸ்

பூமி சுற்றக் கற்றுக்கொண்டதே எங்கள் அக்கா விரல் நுனியில் பந்தைச் சுழற்றியதைப் பார்த்துத்தான். சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வரலாம். உப்பு டப்பா கேட்டால் கைக்கு வராது, நெஞ்சுக்கு வரும். அதுவும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. "ஒரு பொருளக் கையில குடுத்தா கொறஞ்சா போயிடுவ?" என்பாள் அம்மா, டப்பாவைச் சரியாகப் பிடித்தபடியே.

கல்லூரி முடிந்து மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தும் பழக்கம் விடவில்லை. மாத்திரை அட்டைகள் கல்லாவை நோக்கிப் பறக்கின்றன. "அது மருந்தும்மா, பந்து இல்ல" என்று முதலாளி தினம் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பிடித்துக்கொள்கிறார்.

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடிய வருஷங்களில், ஸ்கோர் தாளில் அவள் பெயருக்கு நேரே மொத்தம் புள்ளி முப்பத்தெட்டு, ஃபவுல் அறுபத்தொன்று. படித்தால் அடிதடிக்குப் போனவள் என்றுதான் தோன்றும். கூடையில் போட்டவளுக்குத் தாளில் கட்டம் உண்டு. போடக் கொடுத்தவளுக்குக் கிடையாது.

கடைசி வருஷ இறுதி ஆட்டம். ஒரு புள்ளி குறைவு, மூன்று வினாடி மிச்சம். பந்து அக்காவிடம். அவளுக்கும் வளையத்துக்கும் நடுவில் ஈ காக்கை இல்லை. ஒரு தரம் வளையத்தை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த கணம் பந்து கேப்டன் கையில் இருந்தது. கேப்டனை இரண்டு பேர் மறித்து நின்றார்கள். அவள் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

"கேப்டன் கோட்டை விட்டுட்டா" என்று கல்லூரியே பேசியது. அக்கா பக்கத்தில்தான் நின்றாள். கேப்டனிடம் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள். அதற்குப் பிறகு கேப்டன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அக்கா போனில் அவள் எண்ணை எடுத்துப் பார்க்கிறாள். அழுத்துவதில்லை.

நேற்று என் கணக்கு நோட்டு அவளிடம் சிக்கியது. பின்பக்கங்களில் அவள் ஆடிய ஆட்டங்களின் தேதிவாரியாக, ஐந்தைந்தாகக் கோடுகள். எதிரணியைப் பார்த்து விசிலடிக்கத்தான் ஆட்டத்துக்கு வருகிறேன் என்று அத்தனை நாளும் சொல்லிவைத்திருந்தேன்.

"என்னடி இது?"

"பேனா எழுதுதான்னு பாத்தேன்."

"நாலு வருஷமாவா?" புரட்டிக்கொண்டே போனவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள். "ஃபைனல்ல நான் குடுத்த பாஸ் பதினாலுன்னு போட்டிருக்க. பதிமூணுதான்."

"கடைசியில கேப்டனுக்கு ஒண்ணு குடுத்தியே."

"அது குடுத்ததில்ல. பயந்துபோய் அவ தலையில கட்டினது. கோடு கோடா எண்ணினவளுக்கா அது தெரியாது?"

நான் கூரையைப் பார்த்தேன். அவள் பேனா மூடியைப் பல்லால் கழற்றி, பதினாலாவது கோட்டை மட்டும், தாள் கிழியும்வரை அடித்தாள்.