பிளாஸ்டிக் புல்லை மேய வந்த மான்கள்

எழுபதுகளின் கடைசியில் நான் திருகோணமலையில், உள்துறைமுகம் தெரியும் மேட்டில் இருந்த ஒரு பெரிய வீட்டுக்குக் காவலாக இருந்தேன். காவல் என்றால் கம்போடு நிற்பதல்ல. கூட்டுவது, துடைப்பது, வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்தால் சமைத்துப் போடுவது. அவர்கள் வருவதோ பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டும். என் கணவர் குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்போது எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால், "ஓம், கேட்குது" என்று பதில் சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன். அதற்கு மேல் என் தனிமையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த வீட்டில் ஒரு நீச்சல் தடாகம் இருந்தது. அதைச் சுற்றிப் புல். கோடையில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் புல் கருகி மண்தான் மிஞ்சும். குளித்துவிட்டு ஏறினால் ஈரக் காலில் மண் ஒட்டுகிறதென்று வீட்டுக்கார அம்மாவுக்கு எப்போதும் குறை. அந்த வருடம் அவர் எங்கோ வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த பிளாஸ்டிக் புல்லைச் சுருள் சுருளாக லொறியில் அனுப்பிவிட்டார்.

அதை விரிக்கக் கிண்ணியாவிலிருந்து ஒரு மேசன் வந்தார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, நானும் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். செத்த புல்லைக் கொத்தியெடுத்து, சீமெந்து பூசிக் காயவிட்டு, பசை தடவி, சுருளை விரித்து, தடாகத்தின் வளைவுக்கு ஏற்றபடி கத்தியால் வெட்டி ஒட்டினார். அந்த நாட்கள் எனக்குத் திருவிழா மாதிரி. தேத்தண்ணீர் கொடுக்கும் சாட்டில் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டே இருப்பேன். பாவம், மனிதருக்குக் காது வலித்திருக்கும்.

"இனி இதுக்குத் தண்ணி ஊத்தவும் தேவையில்ல, வெட்டவும் தேவையில்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஒருநாள் அவரும் போய்விட்டார். வீடு பழையபடி ஊமையாகிவிட்டது.

கோட்டைப் பக்கத்து மான்கள் பட்டினத்துக்குள் திரிவது எங்களுக்குப் புதினமல்ல. ஆனால் அந்த வீட்டுக்கு அதுவரை வந்ததில்லை. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் பச்சையாக இருந்தால் யார்தான் ஏமாற மாட்டார்கள்? ஒரு பின்னேரம் காது கிழிந்த ஒரு பெண்மானும் அதன் குட்டியும் தடாகக் கரையில் நின்றன. வீட்டின் பின்பக்கம் வேலி கிடையாது. கடல் பார்வைக்கு மறைக்குமென்று வீட்டுக்காரர் அடைக்கவில்லை. அந்த வழியால் ஏறி வந்திருக்க வேண்டும்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஒரு பேசினில் நல்ல தண்ணீர் வைத்தேன். மறுநாளும் வந்தன. அதற்கடுத்த நாளும் வந்தன. "வா பிள்ளை, வா" என்றால் தாய்மான் காதை ஆட்டும். நான் குசினிப் படியில் இருந்துகொண்டு குவைத்துக் கதை, கொழும்புக் கதை, என் மாமியாரின் கதை எல்லாம் சொல்வேன். மாமியாரின் கதையையும் எழும்பிப் போகாமல் கேட்டது அந்த மான் ஒன்றுதான். இடையிடையே அவை புல்லின் நுனியைக் கடிப்பதையும் பார்த்தேன். ருசி பிடிக்காமல் விட்டுவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் காலை கூட்டும்போது, ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குப் புல்லைக் காணவில்லை. பக்கத்தில் கிடந்த புழுக்கையில் பச்சைப் பச்சையாக நூல். கையிலிருந்த விளக்குமாற்றை அப்படியே போட்டேன். காக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்து குந்தியிருந்து, புழுக்கையைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"எங்கட எருமைக் கண்டுக்குட்டி ஒண்டு பொலித்தீன் பேக்கைத் திண்டு செத்துப் போச்சு தங்கச்சி. வயிறு ஊதி, எழும்ப ஏலாமக் கிடந்து செத்தது. இதுகள வர விடாதீங்க."

"நல்ல இலை குழை வெட்டிப் போட்டா இதைத் தின்னாது தானே காக்கா?"

"இலை போட்டா இன்னும் வரும். வந்தா இதையும்தான் மேயும். கல்லெடுத்து எறிஞ்சு கலைங்க."

வீட்டுக்காரரிடம் புல்லைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் ஏது? அன்று பின்னேரம் இரண்டும் வந்தன. "போ, போ" என்று கத்தினேன். என் குரல்தானே, பழகிய குரல். தாய்மான் காதை ஆட்டிக்கொண்டு இன்னும் கிட்ட வந்தது. சட்டியில் தட்டினேன். கொஞ்சம் விலகி நின்று பார்த்தது. கடைசியில் கல்லை எடுத்தேன். முதல் கல் படவில்லை. இரண்டாவது அதன் விலாவில் பட்டது. அது துள்ளி ஓடியது. குட்டி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கும் எறிந்தேன். அழுதுகொண்டே எறிந்தேன்.

பிறகும் சில நாட்கள் வந்தன. ஒவ்வொரு நாளும் கத்திக் கத்திக் கலைத்தேன். பிறகு வரவில்லை. உயிரோடு இருக்கின்றனவா, எங்காவது வயிறு ஊதிக் கிடக்கின்றனவா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாரி மழை தொடங்கிய பிறகு காக்கா வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தார். "காது கிழிஞ்ச மானும் குட்டியும் கோட்டை வாசலடியில நிக்குது. கண்டனான்" என்றார். வந்த வெள்ளிக்கிழமையே கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்குப் போகும் சாட்டில் அங்கே போனேன். அதே மான்தான். குட்டி நன்றாக வளர்ந்திருந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் நீட்டிய வாழைப்பழத் தோலை இரண்டும் பயமில்லாமல் வாங்கித் தின்றன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூட்டத்துக்குள் நின்று, "வா பிள்ளை" என்றேன்.

குரல் கேட்டதுதான் தாமதம், தாய்மான் தலையைத் தூக்கியது. குட்டியையும் இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக மரங்களுக்குள் மறைந்துவிட்டது. "ஏன் ஓடுது?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். நான் கோயில் பக்கம் திரும்பி நடந்தேன்.

என் கணவர் திரும்பி வந்து, நாங்கள் வேறு ஊருக்குப் போய், பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டேன்; ஆனாலும் அந்த மான் பிழைத்ததை நினைத்துச் சந்தோஷப்படும்போதெல்லாம், அத்தனை பேருக்குள் என் குரலுக்கு மட்டும் அது பயந்து ஓடியது இன்றைக்கும் நெஞ்சில் நோகிறது.