அருள்செல்வி வீட்டு அரைநெல்லி

நெமிலிச்சேரியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் குடியிருக்கும் அருள்செல்விக்கு எதையும் வீணாக்க மனசு வராது. அம்பத்தூரில் சட்டை தைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங் வேலை. பிசிறு தெரிந்தால் சட்டையைத் திருப்பி அனுப்புவாளே தவிர, கழிவில் போட விடமாட்டாள். அவள் வீட்டுக் கொல்லையில்தான் அரைநெல்லி மரம் இந்த மாசியில் வெறிபிடித்தாற்போல் காய்த்துத் தள்ளியது.

காலையில் பெருக்கினால் ஒரு வாளி, சாயங்காலம் இன்னொரு வாளி. முதல் வாரம் தெருவே ஆசையாக வாங்கிக்கொண்டது. இரண்டாம் வாரம் அவள் பையோடு வருவதைப் பார்த்ததுமே எதிர்வீட்டு நாகம்மாள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைக்க இடமில்லை. "ரசத்துலயும் இதானாம்மா? பல்லு கூசுது" என்று மகள் ரியா தட்டைத் தள்ளிவிட்டாள்.

அடுத்த வீட்டு ஜெகதீசனின் புதுக் காருக்கு மேலே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமை அவர் அருள்செல்வியின் கணவன் சத்தியராஜைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சத்தியா, வண்டி பூரா காய் விழுந்து நசுங்கிக் கீது. பெயின்ட் போய்டும்பா."

ஞாயிற்றுக்கிழமை மரத்தை அறுத்துவிடுவதாகச் சத்தியராஜ் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டான். அருள்செல்விக்குச் சுருக்கென்றது.

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

"கேக்கறதுக்கு இன்னா கீது? துன்னவும் ஆளில்ல, வாங்கவும் ஊடில்ல."

"இந்தத் தெருவுல இல்லனா வேற எடத்துல கீது. ஞாயித்துக்கெழம வரைக்கும் எவனும் மரத்துல கை வைக்கக் கூடாது."

மறுநாள் காலை கட்டைப்பை நிறையக் காயும், ஒரு டப்பாவில் உப்பு மிளகாய்த்தூளுமாக லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினாள். பட்டாபிராம் தாண்டியதும் பையைத் திறந்து நீட்டினாள். யாரும் கை வைக்கவில்லை.

"இன்னாக்கா, சும்மாவா குடுக்கற? எதுக்கு?" என்றாள் ஒருத்தி சந்தேகமாக.

அருள்செல்வி ஒரு காயைத் தூளில் தோய்த்து வாயில் போட்டாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. ஒரு கை வந்தது, பின்னாலேயே நாலு கை. அம்பத்தூரில் இறங்கும்போது அவளிடம் மடித்த பைதான் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை இரண்டு பை. அன்றைக்கு விஜி என்கிற பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மெஸ் நடத்துகிறவள்.

"அக்கா, தெனம் நூறு பேரு சாப்புடறாங்க. ஊறுகா போட்டு மாளல. எவ்ளோ கீது உன்னாண்ட?"

"உன்னால எவ்ளோ தூக்க முடியும்?"

"திங்கக்கெழம ரெண்டு பக்கெட் கொண்டா, பாப்போம்."

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டாள். அரைநெல்லிக் கிளை முறியக்கூடியது. ஏறினால் ஆளோடு விழும். பழைய புடவை நான்கை ஒன்றாகத் தைத்து, காருக்கு மேலே தொட்டில்போல் விரித்து, ஒரு முனையை மதில் கம்பியில் கட்டினாள். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. ஜெகதீசனின் மனைவி ஷோபனாவைக் கூப்பிட்டாள். கணவருக்குத் தெரியாமல் தினம் நாலு காய் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த ஷோபனா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். நீளக் கழியால் அருள்செல்வி கிளையை உலுக்க, சடசடவென்று கொட்டியது. கார்மேல் ஒரு காய் விழவில்லை.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது, மரம் அறுக்கும் மனோகரன் ரம்பத்தோடு வாசலில் நின்றிருந்தார். சத்தியராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"கார் மேல கீற அந்த ஒரு கெளைய மட்டும் எடுங்க அண்ணே. பக்கத்து ஊட்டுக்காரரு சொல்றதும் நாயந்தான்," என்றாள். "மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மனோகரன், "இத்துக்கா என்னிய இவ்ளோ தூரம் வரவெச்சீங்க?" என்று முனகிக்கொண்டே ஏணியைச் சாத்தினார். சத்தியராஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டான். கிளை இறங்கியதும் ஜெகதீசன் வெளியே வந்து காரைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் தலையசைத்தார்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு அவள் இரண்டு வாளியோடு கிளம்பியபோது, சத்தியராஜ் ஒன்றை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான். மரத்தில் இன்னும் பாதிக்கு மேல் காய் இருந்தது.