மூத்தாளைக் கேட்ட பிறகு

அத்தை, என் அம்மாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று காரைக்குடி முழுக்கச் சொல்லித் திரிந்தது நீங்கள்தான். அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னீர்கள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. இதை எழுத இத்தனை வருஷம் ஆனதற்குக் காரணம் ஒன்றுதான். அந்தப் பொய்க்கு முதல் சாட்சி நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் அம்மா அப்பாவுக்கு இரண்டாந்தாரம். முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். பிள்ளையும் பிழைக்கவில்லை. செக்காலை ரோட்டுக்குப் பின்தெருவில் நாங்கள் குடியிருந்த அதே வீட்டில், அதே உள்ளறையில். அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மூத்தாள் என்றுதான் எங்கள் வீட்டில் அவளுக்குப் பேர். இரண்டாவதாக வந்தவள் வருஷத்துக்கு ஒரு நாள் மூத்தாளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைத்துவிட்டு, பிறகு அதைத் தான் உடுத்திக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் என் அம்மா ஒரு நாளோடு நிறுத்தவில்லை. தினமும் கேட்டாள். எதைத் தொட்டாலும் கேட்டாள்.

காலையில் கிணற்றில் வாளியை இறக்கும் முன் நிற்பாள்.

"அக்கா, தண்ணி எடுத்துக்கிறேன்."

சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அவள் பேசியதில் எனக்குப் பயமில்லை. காத்திருந்ததில்தான் பயம். சில நாள் நான் மூன்று எண்ணுவதற்குள் தலையை ஆட்டிவிட்டு வாளியை இறக்குவாள். சில நாள் இருபதுவரை எண்ணினாலும் அப்படியே நிற்பாள். கண் உள்ளறைக் கதவில் இருக்கும். சில நாள் சிரிப்பாள். யாரோ காதோரம் வேடிக்கை சொன்னதுபோல வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கிணற்றடியில் நானும் அவளும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

மத்தியானம் உள்ளறை வாசலில் ஒரு பலகை போட்டு, சின்ன இலை விரித்து, முதல் அகப்பைச் சோற்றை அதில் வைப்பாள். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு. அப்பா தச்சு ஆசாரி. பெரிய வீடுகளில் கதவு, நிலை வேலை பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வருவார். பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் போனதும் அம்மா அந்தச் சின்ன இலையின் முன் உட்கார்ந்து, "குறையொண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன அந்தச் சோற்றையே தின்பாள். சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டதும் உள்ளே பார்த்து, "வந்துட்டாக அக்கா" என்பாள். பலகை போடும் இடத்தில் சித்திரை வெயிலிலும் தரை சில்லென்று இருந்தது. ஒருதரம் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். இன்றைக்கும் அதற்கு எனக்குக் காரணம் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

அந்த வருஷம் அரியக்குடிப் பெருமாள் கோயில் தேருக்குப் போவதாக இருந்தது. புதுப் பாவாடை கட்டி, தலை பின்னி, ரிப்பன் வைத்து நான் வாசலில் நின்றேன். அம்மா உள்ளறைப் பக்கம் திரும்பி, "அக்கா, போயிட்டு வரட்டா?" என்றாள். காத்திருந்தாள். நான் எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியும் அவள் அசையவில்லை. பிறகு பின்கட்டைப் பார்த்தாள். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு வேணாமாம்டி. அக்கா சொல்றாக."

நான் அழுதேன். அவள் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்னைச் சமாதானம் செய்ய யாரும் வரவில்லை. அந்த ஆத்திரத்தில், அதே பாவாடையோடு, அடுத்த தெருவிலிருந்த உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். கிணறு, சிரிப்பு, இலை, சில்லென்ற தரை, எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் எனக்கு அதிரசம் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். கேட்கக் கேட்க உங்கள் முகம் வெளிறிப்போனது ஞாபகம் இருக்கிறது.

"தினமுமா ஆத்தா? நெசமாவா?" என்று மூன்றுதரம் கேட்டீர்கள்.

நான்கு நாள் கழித்து, மத்தியானத்துக்குச் சற்று முன்னால், உடுக்கை அடித்துப் பேயோட்டும் கோடாங்கி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். தெருக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டீர்கள். அம்மாவைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னீர்கள். இன்றோடு இது இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மா பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டும், உங்கள் தம்பியான அப்பாவிடம் நீங்களே பேசிக்கொள்வதாகச் சொன்னீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா போய்விடுவாள். நான் சொன்னதனால் போய்விடுவாள்.

கோடாங்கி வெகுநேரம் உடுக்கை அடித்தார். அம்மா ஆடவில்லை. அடுப்பில் குழம்பு கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்திருக்கிறது? சொல்லு" என்றார்.

"நான்தான். இந்த வீட்டு ரெண்டாவது மருமக."

"பொழுதன்னைக்கும் இப்படிக் கேக்கச் சொல்லி யாரு சொன்னது தாயி?"

அம்மா உங்களைக் காட்டினாள்.

"மதினிதான் சொன்னாக. கல்யாணத்தன்னிக்கு, வெளக்கேத்த வந்தப்ப. இது அவ வீடு, அவளக் கேக்காம ஒரு துரும்பத் தொடக்கூடாது, அவ போட்ட பிச்சையில திங்கிறேங்கிறத ஒருவேளைகூட மறக்கக் கூடாதுன்னாக."

"நான் வருசத்துக்கு ஒருநாப் படைக்கிறதச் சொன்னேன்டி" என்றீர்கள்.

"ஒருநான்னு நீங்க சொல்லலியே மதினி."

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். பதினேழு வயதுப் பெண்ணைக் குத்திக்காட்டுவதற்காக நீங்கள் வாசலில் வைத்துச் சொன்ன வார்த்தையை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு பதினோரு வருஷம் நடத்தியிருக்கிறாள்.

கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்தார். "சரி தாயி. நான் இருக்கவா போகவான்னு அவுகளையே கேளு" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அம்மா உள்ளறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள். காத்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கதவு அசையவில்லை, காற்று வரவில்லை. குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் அந்த இருட்டு அறையைப் பார்த்துக்கொண்டிருந்த கோடாங்கியின் முகம் மெல்ல மெல்ல மாறியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், பெரியவர்கள் முன்னால் நிற்பதுபோல.

"இங்க வெரட்டுறதுக்கு யாருமில்லத்தா" என்று உங்களிடம் சொன்னார். "இருக்கவுக இருக்கட்டும்."

வெற்றிலைத் தட்டைத் தொடாமல், தாழ்ப்பாளைத் தானே திறந்துகொண்டு போனார்.

அப்பா வந்தார். கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேல் நின்றபடி நீங்கள் எல்லாவற்றையும் சொன்னீர்கள், கல்யாணத்தன்று உங்கள் வாயால் சொன்னதைத் தவிர. "இந்தக் கூத்து நிக்கணும், இல்ல அவ போகணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு தம்பி." அம்மா அதைக் கேட்டுக்கொண்டே உள்ளறை வாசலில் சின்ன இலை போட்டுச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்தாள். அப்பா அந்த இலையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அவளுக்குக் கத்திரிக்கா ஆகாது. மேலெல்லாம் தடிச்சிரும். அத எடுத்துட்டு ரசத்த ஊத்து."

அம்மா திகைத்துப்போனாள். "இத்தன வருசமா வச்சிருக்கேனே. அக்கா சொல்லவே இல்லியே."

"அவ எங்க சொல்லுவா. போட்டதத் தின்னுட்டுச் சொறிஞ்சுக்கிட்டுக் கெடப்பா."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். இருவரும் ஆளில்லாத அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனீர்கள். நான் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்தப் பேய் அப்பாவையும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஊரில் கதை பரவிவிட்டது. வளைகாப்புக்கு அம்மாவைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் கைபட்ட மஞ்சளை எந்தப் பெண்ணும் வாங்கவில்லை. எனக்கு உள்ளூரில் மாப்பிள்ளை அமையவில்லை. அம்மா செத்த அன்று, பிணத்தை எடுக்கும் முன்பே, "ரெண்டும் சேந்து போயிருச்சு" என்று நீங்கள் சொன்னதை என் காதால் கேட்டேன்.

தேர் பார்க்க முடியாத அன்றுதான் மூத்தாள் இறந்த திதி. எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் அன்றைக்கு அப்பா பின்கட்டில் உட்கார்ந்து இன்னொருத்தியை நினைத்து அழுவார். அவரைத் தனியாக அழவிடாமல் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு பிடி சோற்றுக்கும் புருஷன் முழுசாக வீடு திரும்பியதற்கும் நன்றி சொல்லிக்கொண்டே ஒரு பெண் குடித்தனம் நடத்த முடியும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் இன்னொருத்தி அனுபவிக்காமல் விட்டுப்போனது என்பதை அவள் மறக்கவே இல்லை. அதுதான் அவள் சாமி கும்பிட்ட விதம். ஒன்பது வயதில் நான் அதைப் பேய் என்று நினைத்தேன். உங்களுக்கு அன்றைக்கு வயது நாற்பது.

கோடாங்கி இல்லை. அப்பா, அம்மா இல்லை. அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தவர்களில் மிச்சம் நீங்களும் நானும். மாசிக் களரித் திருவிழாவுக்குக் குலதெய்வம் கோயிலில் சொந்தபந்தம் எல்லாம் கூடும். உங்களைக் காரில் கூட்டி வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். பொங்கல் இறக்கியதும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று நான் கேட்கப்போகிறேன். எதைத் தொட்டாலும் மூத்தாளைக் கேட்க வேண்டும் என்று என் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? காது கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் வாயால், எல்லார் காதிலும் விழும்படி, பதில் சொல்லுங்கள்.