ஞாயிற்றுக்கிழமையின் பச்சைத் தண்ணீர்

அந்தப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மீதே அருவருப்பு வரும்.

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் ஒரு கடல் ஆய்வு அலுவலகத்தில் உதவியாளனாக இருந்தேன். புதிதாக ஒரு செயற்கைக்கோள் மேலே போயிருந்த நேரம். துருவக் கடல்களில் பனி எதுவரை உறைந்திருக்கிறது, எந்தக் கடலை நுண்பாசி பச்சையாக்குகிறது என்றெல்லாம் அது பார்க்கும். அது எங்களைக் கடக்கும் நாளில் நான் உச்சிப்பொழுதுக்கு வள்ளத்தில் போய், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, எத்தனை மீட்டரில் மறைகிறது என்று படிவத்தில் குறிப்பேன். படம் சரியா என்பதைத் தலைமை அலுவலகம் இந்த அளவை வைத்துத்தான் முடிவு செய்யும்.

ஒருமுறை அது சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடந்தது. சனிக்கிழமை தண்ணீர் தெளிவாக இருந்தது. மறுநாள் ஞாயிறு. அன்றைக்கு மாதா கோயிலில் பூசை நாள், அந்தக் கரையில் யாரும் வள்ளம் இறக்கமாட்டார்கள். எங்கள் வள்ளக்காரரும் வரவில்லை. மத்தியானம் சும்மா கரைப்பக்கம் போனேன். கடல் கரும்பச்சையாகக் கொழகொழத்துக் கிடந்தது. செத்த மீன் குவியல் குவியலாக ஒதுங்கி, நாற்றம் தொண்டை வரை ஏறியது.

திங்கட்கிழமை காற்று மாறிப் பச்சைத் தண்ணீர் போய்விட்டது. மீன் மட்டும் கிடந்தது. படிவம் வெறுமையாக இருப்பதைப் பார்த்த அதிகாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஒரு நாளைக்குள்ள கடலு மாறிரவா போவுது? சனிக்கிழம அளவையே எழுதும் வே" என்றார். தெளிந்த தண்ணீர் என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்.

அன்று சாயங்காலமே, கடலில் வெடித் தோட்டா வீசி மீனைக் கொன்றதாகச் சொல்லி வள்ளக்காரரின் வள்ளத்தைப் போலீஸார் பறிமுதல் செய்தார்கள். அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"நாங்க தோட்டா போடல சார். தண்ணி கெட்டுத்தான் மீனு செத்துது. மேல போறது பாத்திருக்கும்லா? அந்தப் படத்த வாங்கித் தாங்க."

நானே பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் படிவம் பொய்யென்று ஆகிவிடும். வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கேவலம்.

மூன்று மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து தபாலில் படம் வந்தது. எங்கள் கரையை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு. கூட வந்த கடிதத்தில், அந்த இடத்தில் கரும்பச்சை தெரிந்ததாகவும், எங்கள் அளவு தெளிந்த நீர் என்று காட்டுவதால் அதைக் கருவிப் பிழையென்று நீக்கி வெள்ளையாக விட்டதாகவும் இருந்தது. எங்கள் ஒழுங்கான பணிக்கு நன்றி வேறு. அதிகாரி அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். எனக்கு அவர் முகத்தில் துப்பலாம் போலிருந்தது, என் முகத்திலும்.

படத்தை எடுத்துக்கொண்டு வள்ளக்காரரைத் தேடிப் போனேன். அவர் கூலிக்கு உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தார். படத்தை வாங்கி அந்த வெள்ளைத் திட்டில் விரலை வைத்தார்.

"அம்புட்டு உசரத்துல இருந்து பாத்தும் அதுக்குக் கண்ணு தெரியலையா சார்?"

"தெரியலை" என்றேன்.