முந்திக்கொண்டு வழிமொழிகிறவர்

"வழிமொழியறேன்!"

கல்லறைத் தோட்டத்துப் புல்வெட்டும் எந்திரத்துக்குப் புது பெல்ட் வாங்க வேண்டும் என்று நோரின் ஃபிட்ச் கொண்டுவந்த தீர்மானம் அது. அந்த அம்மாள் 'வாங்க' வரைக்கும்தான் வந்திருந்தார். அதற்குள் டெல்மர் ஸ்டக்கி மேசையைத் தட்டியாகிவிட்டது.

அமெரிக்காவின் கான்சாஸ் சமவெளியில் ப்ரேரி பெண்ட் ஊரின் நகர மன்றத்தில் மேயரைத் தவிர ஐந்து பேர். ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால், விவாதமே இல்லாமல் அது அங்கேயே செத்துப்போகும். டெல்மர் இருக்கும் வரை எதுவும் அப்படிச் சாகாது. பிடிக்காததையும் வழிமொழிவார், அடுத்த நிமிடமே எழுந்து அதைக் கிழிகிழியென்று கிழிப்பார், கடைசியில் எதிர்த்தே ஓட்டும் போடுவார்.

"ஏன்ப்பா, எதிர்க்கிறவன் எதுக்கு வழிமொழியற?" என்று மேயர் ஹாலிஸ் ஒருமுறை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒருத்தர் யோசனையைப் பேசாமலே சாகடிக்கிறது பாவம் மேயரே. பேசிட்டுச் சாகடிக்கலாம், அதுதான் நியாயம்."

"யாராவது தும்மினாக்கூட இவன் வழிமொழிஞ்சிடுவான்" என்பது நோரின் அம்மாளின் முணுமுணுப்பு. பூக்கடை வைத்திருக்கிறார். டெல்மரோடு சண்டை போடாத கூட்டம் அவருக்குக் கூட்டமாகவே படாது.

டெல்மருக்கு டயர் கடை. ஆனால் ஆளைப் பாருங்கள்! தெருவில் நடக்கும்போது ஆணி கண்ணில் பட்டால் குனிந்து பொறுக்கிவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஊரே சிரிக்கிறது. சாலைக் குழிகளை அடைக்கத் தீர்மானம் வந்தால் முதல் ஓட்டு அவருடையதுதான். "குழியை மூடிட்டா உன் கடைக்கு எவன்ப்பா வருவான்?" என்று கேட்டால், "சும்மா பேசவாவது வருவான்ல" என்பார். உண்மைதான், பாதிப் பேர் அதற்குத்தான் போகிறார்கள்.

இத்தனை வருஷத்தில் சொந்தமாக ஒரு தீர்மானம்கூட அவர் கொண்டுவந்ததில்லை. கேட்டால், "அதுக்கு மூளை வேணும். வழிமொழிய காது இருந்தாப் போதும்" என்று நழுவிவிடுவார்.

போன திங்கட்கிழமை அந்த நழுவல் பலிக்கவில்லை.

இந்த ஊருக்குச் சொந்தச் சிறை கிடையாது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர்களை வைக்க மாவட்டச் சிறையில் எட்டுக் கட்டில்களை வாடகைக்கு எடுத்திருக்கிறது. இப்போது மாவட்டம் வாடகையை ஏற்றிவிட்டது. ஈடுகட்ட, நகரத் தொழிலாளர்களின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து குடும்பத்தை நீக்கிவிடலாம் என்று பேச்சு. சாலைப் பிரிவில் வேலை செய்யும் ராய்ஸின் மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. அன்று மத்தியானம் ராய்ஸ் டயர் கடைக்கு வந்து, "காப்பீடு போச்சுன்னா நான் இந்த ஊர்ல இருக்க முடியாது டெல்மர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலக் கூட்டம். ராய்ஸ் கடைசி வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிறை விஷயம் வந்ததும் டெல்மர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்... நான் ஒரு தீர்மானம் கொண்டுவர்றேன்!"

மேயர் வாயருகில் கொண்டுபோன காப்பியைக் கீழே வைத்தார். அட, டெல்மரா!

"எட்டுக் கட்டில் வேண்டாம், நாலு போதும். குடும்பத்துக்குக் காப்பீடு அப்படியே இருக்கணும்."

அறை அமைதியானது. அந்த அமைதியை நிரப்ப எப்போதும் ஒரு குரல் வருமே, அது வந்தேவிட்டது.

"வழிமொழியறேன்!"

வேறு யார்? அவரேதான்! பழக்கதோஷம். அறையே அதிரச் சிரித்தது. டெல்மரின் கழுத்து காதுவரை சிவந்துபோயிற்று.

"உன்னுதுக்கு நீயே வழிமொழிய முடியாதுப்பா" என்ற மேயர் சுற்றிலும் பார்த்தார். "வேற யாராவது?"

ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் பேனாவைத் திருகினார். ராய்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. தீர்மானத்தை முடித்துவைக்க மேயர் மேசைச் சுத்தியலைத் தூக்கிவிட்டார்.

"அதைக் கீழ வைங்க!" நோரின் அம்மாளின் குரல் கீச்சிட்டது. "வழிமொழியறேன். உடனே பல்லைக் காட்டாதே டெல்மர், ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்ல. பேசிட்டுச் சாகடிப்போம்."

பேச்சு பிய்த்துக்கொண்டது. "கட்டில் பத்தலைன்னா குடிகாரனை எங்க போடறது, உன் கடையிலயா?" என்றார் ஒரு உறுப்பினர்.

"போடுங்க! டயர் மாத்தத் தெரிஞ்சவனா அனுப்புங்க!" என்று பதிலுக்குக் கத்திய டெல்மருக்கு உடனே குரல் தழுதழுத்தது. "பாதி நாள் காலியாக் கெடக்கிற கட்டிலுக்கு வாடகை கட்டறோம். வெயில்ல தாரு ஊத்தறவன் பொண்ணுக்கு மருந்து கிடையாதா? எனக்கு மேல பேசத் தெரியல."

உட்காரப் போனார். நாற்காலி இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நகர எழுத்தரான பெண் பெயர் பெயராகக் கூப்பிட்டார். முதலாமவர் வேண்டாம் என்றார். இரண்டாமவரும் வேண்டாம். போச்சு! மூன்றாமவர் வேண்டும் என்றார். நோரின் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி துடைத்தார். ஐயோ, சீக்கிரம் சொல்லுங்களேன்!

"வேணும்" என்றார். "நாலு கட்டில் தாராளமாப் போதும். எழுதிக்கோம்மா, எதுக்கு என்னையே பார்க்கற?"

இரண்டுக்கு இரண்டு. மிச்சம் ஒரே ஓட்டு.

"டெல்மர் ஸ்டக்கி?"

எல்லோர் பேச்சையும் முந்திக்கொண்டு ஓடும் அந்த வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மேலும் கீழும் அசைந்தது, காற்றுதான் வந்தது. கடைசி வரிசையில் ராய்ஸ் எழுந்து நின்றுவிட்டான்.

டெல்மர் கிரீஸ் படிந்த வலது கையை உயரத் தூக்கினார்.

"வாயால சொல்லணும் டெல்மர்" என்றார் எழுத்தர். "கை தூக்கினாப் பதிவாகாது."

டெல்மர் இடது கையையும் தூக்கினார்.