கார் சூடேறிய காலையில் அம்மனோடு சண்டை

சல்லி ஊர் முத்துமாரியம்மனை நம்பும் என் உறவுகளே, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கோபத்தோடேயே சொல்கிறேன், கேளுங்கள்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு முறை தம்பலகாமத்திலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பஸ்ஸில் போக அவரால் ஏலாது. விடியற்புறம் யானை நிற்கும் வீதி என்று ஓட்டோக்காரர்களும் வரமாட்டார்கள். எங்களிடம் இருப்பது ஒரு பழைய கார். ஓட்டுவது நான்.

போன மாரிமழைக்குப் பிறகு அந்தக் கார் என்னை வதைக்கத் தொடங்கியது. ஒரு நாள் ஒன்றும் செய்யாது. மறுநாள் பாதி வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளை. மெக்கானிக் தண்ணீர்ப் பம்பை மாற்றினார், தேர்மோஸ்டாட்டை மாற்றினார். பிறகும் சூடேறியது. கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா?

"தங்கச்சி, காரில பிழையில்லை. பொம்பிளையள் கியரை இழுத்து இழுத்து ஓடினால் சூடேறத்தான் செய்யும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஒரு முறை நடுவழியில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இல்லை. இவருக்குக் கால் வீங்கி மூச்சு இழுத்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னொருக்கால் தவறவிட்டால் ஆளைக் காப்பாத்த ஏலாது" என்றார்.

அடுத்த முறை கண்டி வீதியில், வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், முள் மறுபடியும் சிவப்பு. ஓரமாக நிறுத்தினேன். இவர் பின்சீற்றில் சாய்ந்தபடி, "விடுமப்பா, என்ர விதி இவ்வளவுதான்" என்றார்.

விதியாம்! கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினேன். சல்லியில் பிறந்தவள் நான். வருடம் தவறாமல் முத்துமாரிக்குப் பொங்கல் பொங்கினவள். வீதியில் நின்று கத்தினேன்.

"எடியே மாரி, உனக்குக் கண் பொட்டையோ? நான் உனக்கு என்னத்தில குறை வைச்சனான்? என்ர மனுசனைக் கொண்டுபோகவோ பாத்துக்கொண்டிருக்கிறாய்? இண்டைக்கு நீ வழி காட்டாட்டி உன்ர வாசலுக்கு இனி வரமாட்டன்!"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதே வேகத்தில் காரின் முன்மூடி பொனற்றைத் தூக்கினேன். எஞ்சினை நிறுத்த மறந்திருந்தேன். வழக்கமாக முள் ஏறியதும் முதலில் அதைத்தான் நிறுத்துவேன். மெக்கானிக்கும் நிறுத்திவிட்டுத்தான் தலையை உள்ளே விடுவார். அன்று எஞ்சின் ஓட ஓடக் குனிந்து பார்க்கிறேன், ரேடியேற்றரின் முன்பக்கத்தில் ஒரு உரப்பைத் துண்டு பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது! ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன். விசிறி நின்றதும் பை சுருண்டு இடுக்கில் விழுந்தது. விசிறி இழுத்தால் எழும்பிக் காற்றை அடைக்கும், நின்றால் விழுந்து ஒளிந்துகொள்ளும். பிறகு எவர் கண்ணில் படும்?

மாரிமழையில் குளம் பெருகி வீதியை மூடும்போது, எஞ்சினில் தண்ணீர் அடிக்காமலிருக்க, முன்னால் உரப்பை கட்டித்தான் எங்கள் பக்கத்தில் காரைக் கொண்டு கடப்பார்கள். போன மழைக்கு எங்கள் காருக்குக் கட்டியவர் இவருடைய தம்பி. கிழிந்த பாதியை உள்ளேயே விட்டுவிட்டார். கேட்டால், "கழட்டினனான்தானே மச்சாள்" என்கிறார். கழற்றினாராம்!

தடியால் கிளறிப் பையை எடுத்தேன். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் முள் ஏறவே இல்லை. பிந்திப் போனாலும் இவரை இரத்தம் சுத்தம் செய்யும் கட்டிலில் ஏற்றினார்கள். மத்தியானம் மூச்சுச் சீராகி, "பசிக்குது" என்றார். ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்திக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

திரும்பும் வழியில் அந்தப் பையைக் கராஜ் மேசையில் போட்டேன். "இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்று மெக்கானிக் இழுத்தார். இந்த முறை நான் வாயை மூடவில்லை.

"என்ர ஓட்டத்தில பிழையில்லை எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எஞ்சினை நிறுத்த மறந்தது தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த ஆத்திரத்தையும் அந்த மறதியையும் தந்தவள் யாரென்று எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமையே சல்லிக்குப் போய், இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொங்கினேன்.

உறவுகளே, கையெடுத்துக் கும்பிட மனம் வராத நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குச் சண்டை பிடிக்கவாவது அவளிடம் போங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.