சைரனில் அடைத்த சாக்கு

போன வருஷம் சித்திரையில் என் தங்கையின் பண்ணையில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு கோழிகள் செத்தன. எண்ணியவன் நான். வேறு யாருக்கும் எண்ண மனம் வரவில்லை.

வெண்ணந்தூர்ப் பக்கம் இப்போது பலரும் போடுகிற மூடிய ஷெட் அது. சுவர்களில் ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் பதினான்கு பெரிய ஃபேன்கள் காற்றை வெளியே இழுக்கும், மறு கோடியில் நனைந்த அட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஃபேன் நின்றால், பக்கச் சுவர்களின் மேல்பாதியை மூடியிருக்கும் படுதாவை உடனே இறக்கிவிட வேண்டும். கோடை மதியத்தில் கால் மணி நேரம் தாமதித்தால் பத்தாயிரம் கோழிகளும் தம் சூட்டிலேயே வெந்துபோகும். அன்று கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, சைரன் அடித்தது. ஆனால் யாருக்கும் கேட்கவில்லை. அதன் வாயில் சாக்குத் துணி அடைத்திருந்தது.

"நாந்தானுங்கண்ணா அடைக்கச் சொன்னேன்" என்றாள் தங்கை. "எந்நேரமும் கத்திக்கிட்டே கெடந்துச்சு. அது கத்துனா கோழியெல்லாம் மெரண்டு மேல மேல ஏறுது. முட்டை கொறையுது. என்ன பண்றது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

கடற்கரையிலிருந்த ஓர் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வுபெற்றபின் தங்கை வீட்டின் மேற்குப் பாதியில் இருக்கிறேன். தை மாதம் புதுக் கோழிகள் ஏற்றப்போவதாகச் சொன்னவள், கூடவே ஒன்றையும் சொன்னாள். "இன்னொரு கோடையில இப்பிடி ஆச்சுன்னா ஷெட்டைப் பூட்டிப்போட்டு சேலத்துக்கே போயிருவேன்." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கணவர் காலமானபின் அந்த ஷெட் ஒன்றுதான் அவளைக் காலையில் எழுப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு கோடையில் அப்படி ஆகக் கூடாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

புதுக் கோழிகள் வந்ததும் சாக்கைப் பிடுங்கிவிட்டு, ஷெட்டை ஒட்டி, சுவிட்சுகள் இருக்கும் பேனல் அறையில் நாற்காலி போட்டு ஏழு நாள் உட்கார்ந்தேன். சைரன் நூற்றுப் பத்தொன்பது முறை அடித்தது. கதவு திறந்திருந்ததற்கு ஐம்பத்திரண்டு, வோல்டேஜ் இறங்கியதற்கு முப்பத்தெட்டு, தீவனம் குறைந்ததற்கு இருபது, சென்சாரில் தூசி படிந்ததற்கு ஆறு. உண்மையிலேயே சூடு ஏறியதற்கு மூன்று. எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம். மூன்றைக் கேட்பதற்காக நூற்றுப் பதினாறைப் பொறுத்துக்கொள் என்றால் எந்த மனிதனும் சாக்கைத்தான் தேடுவான்.

எங்கள் நிலையத்தில் பயிற்சிக்கென்று அச்சு அசலாக ஒரு போலிக் கட்டுப்பாட்டு அறை உண்டு. சிமுலேட்டர் என்போம். லைசென்ஸ் தேர்வுக்கு முன் அதில் எனக்கு ஒரு கோளாறு கொடுத்தார்கள். இரண்டு நிமிஷத்தில் தலைக்கு மேலே அலாரம் விளக்குகளின் கண்ணாடிச் சதுரங்கள் வரிசை வரிசையாக எரிந்தன. நான் திகைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பயிற்சியாளர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "எதுங்க மொதல்ல எரிஞ்சது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "மொத்தம் அறுபத்தொண்ணு சார்" என்றேன். "எண்ணிக்கிட்டு நின்னீங்களா? நல்லது. அறுபத்தொண்ணுல அறுபது மத்ததோட எதிரொலி. அந்த ஒண்ணு எதுன்னு சொல்லுங்க." அந்தத் தடவை நான் தேறவில்லை. பின்னால் தேவையில்லாத அலாரங்களைக் களைகிற வேலை வந்தபோது, வேண்டுமென்று கேட்டு அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

தங்கையின் பேனலிலும் அதைத்தான் செய்தேன். சைரனுக்கு மூன்றே காரணங்களை விட்டேன்: கரண்ட் போவது, ஃபேன் நிற்பது, சூடு ஏறுவது. மற்றவற்றுக்கு ஒரு மஞ்சள் விளக்கு. சைரனை ஷெட்டுக்குள்ளிருந்து கழற்றி, ஆட்கள் தங்கும் வரிசை வீட்டைப் பார்த்து வெளிச்சுவரில் மாட்டினேன். சுவிட்சுகளை ஃபேன்கள் நிற்கும் வரிசையிலேயே மாற்றி, பெயர் எழுதி, அவசரத்துக்கானதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டேன். எல்லாம் முடிய ஒன்பது நாள் ஆனது.

"அணு உலைய ஓட்டுன கையி, கடைசியில கோழிக்கூண்டுக்கு வந்து நிக்குது பாருங்க" என்றாள் தங்கை.

மாசியில், வெயில் ஏறாத ஒரு காலையில், சொல்லாமல் மெயினை அணைத்து ஒத்திகை பார்த்தேன். ஷெட்டைக் கவனிப்பவர் கெங்கவல்லிக்காரர், ஐம்பது தாண்டியவர், பதினாறு வருஷமாகக் கோழியோடு இருப்பவர். சைரன் கேட்டதும் ஓடிவந்தார். வந்தவர் பேனல் முன் நிற்கவில்லை. வெளியே போய் ஷெட்டைப் பார்த்தார், உள்ளே வந்தார், மறுபடி போனார். நான்கு முறை. படுதா இறங்க ஒன்பது நிமிஷம் ஆனது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிவப்புக் கட்டம் போட்டு எழுதியிருக்கேன். அதப் பாக்காம எங்க ஓடுறீங்க?"

"அது தெரியுது சார். கோழி தெரியலயே" என்றார். "வாய் தொறந்துடுச்சா, றெக்கைய தூக்குதா, அத பாத்தாதான எவ்ளோ எறக்கணும்னு தெரியும். இங்க நின்னா முதுகுதான் கோழியப் பாக்குது. ஒங்க கட்டம் அழகாத்தான் இருக்கு, செவுத்தப் பாத்துகினு."

தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நிலையத்தில் பேனலை மாற்ற வந்தவர்கள் முதலில் பிளைவுட்டில் முழு அளவு மாதிரி செய்து, எங்களை அதன் முன் நிறுத்தி, கை எட்டுகிறதா, கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டார்கள். கேட்காமல் வைத்த ஒரு சுவிட்சுக்காக அவர்களை வருஷக்கணக்கில் திட்டியவன் நான். இங்கே ஏழு நாள் உட்கார்ந்து சைரனை எண்ணினேன். அங்கே நிற்கப்போகும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள், ஷெட்டுக்குள் பார்க்கக் கண்ணாடி வைப்பதற்காக, உளியை எடுத்துப் பேனலுக்குப் பக்கத்துச் சுவரில் முதல் செங்கல்லை நானே பெயர்த்தேன். தங்கை ஓடிவந்தாள்.

"ஏனுங்கண்ணா, வெளிச்சம் பூந்தா முட்டைக் கணக்கே மாறிப் போயிருமுங்க."

"இந்த ரூம் ஜன்னல அடைச்சுடலாம் அம்மிணி. ரூம் இருட்டா இருந்தா வெளிச்சம் எங்கிருந்து வரும்?"

அவள் அந்த ஜன்னலை ஒருமுறை சாத்திப் பார்த்தாள். "கண்ணாடி தடியா போடுங்க. இதுக்கு மேல இடிக்கப்படாது."

கெங்கவல்லிக்காரர் சொன்ன உயரத்தில், அவர் சொன்ன அகலத்தில் கண்ணாடி வைத்தோம். படுதாவை இறக்கும் கைப்பிடியையும் அதன் கீழேயே கொண்டுவந்தோம். பிறகு ஆறு ஒத்திகைகள். ஏழு நிமிஷம், ஆறு, ஆறு, ஐந்து, ஐந்து, நான்கு. இரண்டை அவரே நடத்தினார், எனக்குச் சொல்லாமல். ஒன்றில் நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சித்திரையில், மதியம் இரண்டே முக்காலுக்குச் சைரன் அடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஷெட்டுக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. தங்கை ஜெனரேட்டர் அறையில் இருந்தாள். கெங்கவல்லிக்காரர் கண்ணாடியில் முகத்தை வைத்தபடி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"வழிய விடுங்க சார்."

விட்டேன். படுதா முழுதும் இறங்கியது. சற்றுக் கழித்து ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. பதினான்காவதும் ஓடும்வரை அவர் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் எண்ணினேன். இருபத்து மூன்று. தங்கை நம்பாமல் தானும் ஒருமுறை எண்ணிவிட்டு, கூண்டு வரிசையின் முனையில் அப்படியே உட்கார்ந்தாள். நானும் கெங்கவல்லிக்காரரும் பக்கத்தில் போய் நின்றோம். சேலத்தைப் பற்றிப் பேசவில்லை. "அந்த ஜெனரேட்டர் ரூம் கதவு உள்பக்கமா தொறக்குதுங்க" என்றாள். "தொறந்தா, கரண்ட் மாத்துற ஹேண்டில் கதவுக்குப் பின்னால போயிருது. உள்ள போயி, கதவச் சாத்திப்போட்டுத்தான் ஹேண்டிலைப் புடிச்சேன். அதுலயே ஒரு நிமிஷம் போச்சு."

"ஒண்ணரை" என்றார் கெங்கவல்லிக்காரர்.

கொத்தனாரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். கதவு இனி வெளிப்பக்கம் திறக்கும். கரண்ட் மாற்றும் ஹேண்டில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று, தங்கை சுவரில் தன் கையை வைத்துக் கரிக்கோடு போட்டிருக்கிறாள்.